உப்பைக் குறைக்க வேண்டுமா? முதலில் பாக்கெட்டின் மேல் தேதி எழுதுங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. போன மாதம் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 150/94 என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டில் உப்பையும் குறைக்கச் சொன்னார். மறுநாளே எல்லாவற்றிலும் பாதி உப்புதான் போட்டேன். மூன்றாவது நாள் 9 வயது மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். 74 வயதாகும் மாமியார், நான் அந்தப் பக்கம் திரும்பியதும் பாத்திரத்தில் உப்பள்ளிப் போடுகிறார். சரி, கணவருக்கு மட்டும் தனியாகச் சமைக்கலாம் என்றால், ‘என்னை நோயாளி ஆக்கிவிட்டாயா?’ என்று கோபம். இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் இந்துப்பை வாங்கி வைத்திருக்கிறேன். ‘சோடியம் குறைந்த உப்புக்கு மாறிவிடு, பிரச்சினையே இருக்காது’ என்கிறாள் தோழி. எது சரி? நான்கு பேர் உள்ள வீட்டில் எவ்வளவு உப்பு போடலாம்? இன்னொன்று, உப்பு கூடிப்போனால் உருளைக்கிழங்கு போட்டால் இழுத்துக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் செய்ததில் தப்பு என்றால் அவசரம் ஒன்றுதான். உணவியல் ஆலோசனைக்கு வரும் பல வீடுகளில் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். முதல் நாள் பாதி உப்பு, மூன்றாம் நாள் சண்டை, பத்தாம் நாள் பழைய அளவு, போதாததற்கு மேலே ஒரு சிட்டிகை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரிடம் ‘உப்பைத் தவிர்க்கவும்’ என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த மாதம் வந்தவர் எடை குறைந்து, கன்னம் ஒட்டி இருந்தார். “நீங்கள் சொன்ன மாதிரி சமைத்தார்கள், என்னால் சாப்பிட முடியவில்லை, சாப்பாட்டையே தவிர்த்துவிட்டேன்” என்றார். அன்றோடு அந்தத் தாளைக் கொடுப்பதை நிறுத்தினேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள்? நாக்கு ஒத்துழைக்காவிட்டால் எந்த ஆலோசனையும் அடுப்படியைத் தாண்டாது.

அதனால் எவ்வளவு குறைப்பது என்பதற்கு முன்னால், இப்போது எவ்வளவு போடுகிறீர்கள் என்று பாருங்கள். ‘கொஞ்சமாகத்தான் போடுகிறேன்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கைக்கணக்கில் சமைப்பவர்களுக்கு உண்மையிலேயே அளவு தெரியாது. அது குற்றமும் இல்லை. இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. அடுத்த உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் தேதியை எழுதிவையுங்கள். தீர்ந்த அன்று நாளை எண்ணுங்கள். ஒரு கிலோ பாக்கெட் 21 நாளில் தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 1000 கிராமை 21-ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 48 கிராம். நான்கு பேர் என்றால் தலைக்கு 12. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள். தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. குழந்தைகளுக்கு அதைவிடவும் குறைவாக இருக்க வேண்டும்.

12 என்றதும் பதறிவிடாதீர்கள். அந்த நிறுவனத்தின் கணக்குப்படி உலக சராசரியே நாளுக்குக் கிட்டத்தட்ட 11 கிராம். காய் வேகவைத்துக் கொட்டிய தண்ணீரிலும் மிஞ்சிப்போன சாப்பாட்டிலும் கொஞ்சம் உப்பு போயிருக்கும். ஆனால் பாக்கெட் கணக்கில் வராத உப்பும் ஒன்று இருக்கிறது. கடையில் வாங்கும் ரொட்டி, பிஸ்கட், சீஸ், ஊறுகாய், சிப்ஸ், உடனடி நூடுல்ஸ், சோயா சாஸ் எல்லாவற்றோடும் வருவது. இரண்டும் கூட்டிக் கழித்துச் சரியாகப் போகும் வீடும் உண்டு, போகாத வீடும் உண்டு. எப்படியும், உங்கள் வீட்டுக்கு இலக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தீர்களே, நான்கு பேருக்கும் எல்லா வழியிலும் சேர்த்து நாளுக்கு 20 கிராமைத் தாண்டக் கூடாது. இன்றே அங்கே போய் நிற்க வேண்டும் என்பதில்லை.

நாக்கு ஒரு விசித்திரமான உறுப்பு. பாதியாகக் குறைத்தால் ஊரைக் கூட்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் கண்டுகொள்ளாது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ரொட்டியின் உப்பை வாரத்துக்கு 5 சதவீதம் என்று 6 வாரத்தில் கால் பங்கு குறைத்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது 1982-ல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு. மாதக்கணக்கில் உப்பு குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு விருப்பமே மாறிப்போயிருந்தது. முன்பு சரியாக இருந்த உப்பு இப்போது கரித்தது. உங்கள் கணவருக்கும் இது நடக்கும். ஒரு மூன்று மாதம் கழித்து எங்காவது விருந்துக்குப் போய்விட்டு வந்து, ‘என்ன, எல்லாவற்றிலும் உப்பு தூக்கலாக இருந்தது?’ என்று அவரே கேட்பார்.

இதை வீட்டில் எப்படிச் செய்வது? மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அந்த நாளைக்கு வேண்டிய உப்பை அதில் அளந்து போட்டுவிட்டு, பெரிய ஜாடியை மேல் அலமாரியில் ஏற்றிவிடுங்கள். அன்று முழுக்க யார் சமைத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். அளக்கும்போது தேக்கரண்டியைக் கத்தியின் முதுகால் தலைதட்டுங்கள். தூள் உப்பு என்றால் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம். கூம்பாக அள்ளினால் எளிதில் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். கல் உப்பில் இடைவெளி அதிகம் என்பதால் அதே கரண்டியில் எடை குறைவாக நிற்கும். தினமும் உப்பை மாற்றிக் குழப்பிக்கொள்ளாமல் ஒரே உப்பு, ஒரே கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாளுக்கு 48 கிராம் என்றால் 8 தேக்கரண்டி. பாதியாகக் குறைத்ததை மறந்துவிட்டு முதல் வாரம் பழையபடி 8 கரண்டியே போடுங்கள். ஆமாம், பழையபடியேதான். வீட்டில் கலவரம் அடங்கட்டும். அடுத்த வாரத்திலிருந்து வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள்: ஏழரை, ஏழு, ஆறரை, ஆறு. நான்கு வாரத்தில் கால் பங்கு போயிருக்கும், தட்டு தள்ளப்பட்டிருக்காது. அங்கே இரண்டு வாரம் நில்லுங்கள். அப்புறம் வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் இறங்கலாம். எந்த வாரமாவது ‘சப்பென்று இருக்கிறது’ என்று குரல் வந்தால் பின்வாங்க வேண்டாம், அதே அளவில் இன்னொரு வாரம் ஓட்டுங்கள். முக்கியமாக, யாரிடமும் சொல்லாதீர்கள். ‘இன்று உப்பு குறைத்திருக்கிறேன்’ என்று சொல்லிப் பரிமாறினால் குறைக்காத அன்றும் குறையாகத்தான் தெரியும்.

இந்த நிதானம் பாத்திரத்துக்கு மட்டும்தான். வெளியிலிருந்து வரும் உப்பை இன்றே நிறுத்தலாம், அதில் படிப்படி எல்லாம் தேவையில்லை. உங்கள் கடிதத்தில் கணவர் என்ன நொறுக்குத் தீனி சாப்பிடுகிறார் என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஊறுகாயும் சிப்ஸும் தினசரிப் பழக்கமாக இருந்தால், நீங்கள் பாத்திரத்தில் ஒரு மாதம் பாடுபட்டுக் குறைப்பதை அவர் ஒரே மாலையில் ஈடுகட்டிவிடுவார். பாக்கெட்டின் பின்பக்கம் ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு எவ்வளவு என்று வந்துவிடும். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. அந்த எண் 100 கிராமுக்கா, ‘ஒரு பரிமாறலுக்கா’ என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பரிமாறல் என்று அவர்கள் வைத்திருக்கும் அளவோடு நிறுத்துகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் ‘சோடியம் குறைந்தது’ என்று போட வேண்டும் என்பது சர்வதேச உணவுத் தர விதி. ‘25 சதவீதம் குறைக்கப்பட்டது’ என்பது வேறு. முன்பு மலையளவு இருந்தால் குறைத்த பிறகும் குன்றளவு இருக்கும்.

நாக்குக்கு உப்பாகவே தெரியாத ஆட்களும் உண்டு. ரொட்டி அதில் முதல். ஒரு துண்டில் 100 முதல் 200 மில்லிகிராம் சோடியம் சாதாரணம், காலையில் நான்கு துண்டு சாப்பிட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சமையல் சோடாவும் சோடியம்தான். ஒரு தேக்கரண்டியில் 1,200 மில்லிகிராமுக்கு மேல், நாள் முழுவதற்குமான 2,000 மில்லிகிராம் வரம்பில் (5 கிராம் உப்பில் இருக்கும் சோடியம்) பாதிக்கு மேல். தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் மாத்திரைகளிலும், வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் சில பொடிகளிலும் சோடியம் நிறைய இருக்கிறது. கணவர் அப்படி எதையாவது அடிக்கடி குடிக்கிறாரா என்று கேளுங்கள்.

இனி அடுப்படி. உப்பு வெறும் உப்புச் சுவைக்காக மட்டும் சாப்பாட்டில் இல்லை. கசப்பை அமுக்கும், அதனால் மற்ற சுவைகள் மேலே வரும். உப்பைக் குறைத்ததும் காய்கறி ‘ஒரு மாதிரி’ இருப்பதற்குக் காரணம் அதுதான். அந்த இடத்தை நிரப்ப முதலில் புளிப்பைக் கூப்பிடுங்கள். இறக்கிய பிறகு பிழிகிற எலுமிச்சைச் சாறு, ஒரு பிடி உப்பு செய்யாததைச் செய்யும். அடுத்து, வறுத்த வாசனை. சீரகம், மிளகு, பூண்டு, வெங்காயம் எதுவானாலும் நன்றாக நிறம் மாறும்வரை வறுத்தோ வதக்கியோ போடுங்கள். வேகவைத்த காயைவிட வதங்கி ஓரம் சிவந்த காய்க்கு உப்பு குறைவாகவே போதும். தக்காளியும் காளானும் தங்களுக்குள்ளேயே ஒரு ஆழமான சுவையை வைத்திருப்பவை. அதற்கு ‘உமாமி’ என்று 1908-ல் பெயர் வைத்தவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா. சூப்பிலும் பருப்பிலும் இவற்றைச் சுண்ட வதக்கிச் சேர்த்தால் உப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது.

எங்கே உப்பு போடுகிறோம் என்பதும் பெரிய விஷயம். ஒரு முட்டையை வைத்துப் பாருங்கள். அடித்துக் கலக்கும்போதே உப்பு போட்டால் அது முட்டை முழுக்கப் பரவி, பாதி நாக்கைத் தொடாமலேயே வயிற்றுக்குப் போய்விடும். அதே முட்டையை உப்பில்லாமல் பொரித்துத் தட்டில் வைத்த பிறகு, விரல் நுனியில் எடுத்த தூள் உப்பைக் கொஞ்சம் உயரத்திலிருந்து தூவிப் பாருங்கள். பாதி உப்புதான், ஆனால் முதல் வாயிலேயே தெரியும். தண்ணீர் இல்லாத எல்லாக் காய்க்கும் இது பொருந்தும்: அன்றைய உப்பில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, இறக்கிய பிறகு மேலே தூவுங்கள். சோற்றுக்கு உப்பு போட்டு வடிக்கும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடலாம். கூட வரும் பருப்பிலும் காயிலும் இருக்கிற உப்பே போதும். ருசி பார்க்கும்போது கொதிக்கக் கொதிக்கப் பார்க்காதீர்கள். கரண்டியில் எடுத்து ஊதி, ஆறவைத்துப் பாருங்கள். சூட்டில் உப்பு மட்டாகத்தான் தெரியும், அந்த நேரம் போட்ட ‘இன்னும் கொஞ்சம்’தான் பந்தியில் கரிக்கும்.

மாமியார் விஷயத்துக்கு வருவோம். அவர் மேல் கோபப்படாதீர்கள். வயதாக ஆகச் சுவையும் மணமும் மங்கும், அவர் நாக்குக்கு உண்மையிலேயே உப்பு போதவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வைக்காதே என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள், நானும் சொல்வேன். உங்கள் வீட்டுக்கு மட்டும் மாற்றிச் சொல்கிறேன்: அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உப்புக் குடுவையை வையுங்கள். அவர் பாத்திரத்தில் ஒரு பிடி போட்டால் நான்கு பேரும் சாப்பிடுகிறீர்கள். தட்டில் தூவிக்கொண்டால் அவர் மட்டும்தான், அதுவும் மேலே தூவுவதால் கொஞ்சத்திலேயே திருப்தி வந்துவிடும். 1987-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சாப்பாட்டு உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வேண்டியதைத் தூவிக்கொள்ளலாம் என்று குடுவையையும் கொடுத்தார்கள். எடுத்த உப்பில் ஐந்தில் ஒரு பங்கு கூடத் திரும்பப் போடவில்லை. துளை சின்னதாக இருக்கும் குடுவையாகப் பார்த்து வாங்குங்கள்.

அவரைப் பற்றி இன்னொன்றும் கேட்க வேண்டும். நீர் பிரிவதற்கான மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? வயதானவர்களுக்கு, அதிலும் இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு, ரத்தத்தில் சோடியம் குறைந்துபோவது உண்டு. தலைசுற்றல், குழப்பமான பேச்சு, நடை தள்ளாட்டம் என்று வரும். அப்படியானால் அவர் உப்பைக் குறைப்பதற்கு முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாந்தி பேதி வந்த நாட்களில் யாருக்கும் இந்தக் கணக்கு வேண்டாம்.

இந்துப்பு வாங்கியதில் பணம்தான் போனது. இளஞ்சிவப்போ வெள்ளையோ கருப்போ, கடலில் எடுத்ததோ பாறையில் வெட்டியதோ, அதில் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். நிறத்துக்குக் காரணமான தாதுக்கள் அவ்வளவு சொற்பம். ‘இது நல்ல உப்பு’ என்ற நினைப்பில் கை தாராளமாகப் போவதுதான் மிச்சம். பல இந்துப்புகளில் அயோடின் சேர்ப்பதும் இல்லை. வளரும் பெண் குழந்தை இருக்கும் வீட்டில் அதை யோசிக்க வேண்டும். குறைவாகப் போடுங்கள், ஆனால் போடுவது அயோடின் கலந்த உப்பாக இருக்கட்டும்.

தோழி சொன்ன சோடியம் குறைந்த உப்பு அப்படி ஒதுக்கித் தள்ளக்கூடியது இல்லை. அதில் சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். சீனாவில் 600 கிராமங்களில் கிட்டத்தட்ட 21,000 பேரை வைத்து ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய பலன்தான். 2025-ல் உலக சுகாதார நிறுவனமும் பொதுவாகப் பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. ஆனால் குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோரை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் பொட்டாசியம் உடலில் தேங்கும். அது இதயத் துடிப்பையே கலைக்கக்கூடியது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளிலேயே சில பொட்டாசியத்தைக் கூட்டும். ‘பிரில்’ என்றோ ‘சார்டன்’ என்றோ முடியும் பெயர்கள் அந்த வகை.

உங்கள் வீட்டில் 9 வயதுக் குழந்தையும் 74 வயதுப் பெரியவரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறார்கள், கணவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பது எனக்குத் தெரியாது. அதனால் பொதுச் சமையலில் இது வேண்டாம் என்பேன். கணவரின் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பரிசோதித்து, டாக்டர் சரி என்றால், அவர் தட்டில் தூவும் உப்பை மட்டும் இதற்கு மாற்றலாம்.

அப்புறம், அவருக்குத் தனிச் சமையல் வேண்டவே வேண்டாம். குறைந்த உப்பு நான்கு பேருக்கும் நல்லதுதான் எனும்போது, ஒருவரை மட்டும் நோயாளித் தட்டில் உட்காரவைப்பானேன்? அவர் கோபம் நியாயமானது.

மாத்திரையைப் பற்றி: உப்பு குறைத்தாயிற்று என்று அவராக நிறுத்திவிடக் கூடாது. உப்பைக் குறைத்துப் பார்த்த பல ஆய்வுகளை 2013-ல் தொகுத்தபோது, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாளுக்கு 4 கிராமுக்குச் சற்று மேல் உப்பைக் குறைத்ததில் மேல் எண் சராசரியாக 5 புள்ளி இறங்கியிருந்தது. 150-லிருந்து 5 போனால் 145. மாத்திரைக்குத் துணையாக நிற்கும், மாத்திரையின் இடத்தைப் பிடிக்காது. வாரம் இரண்டு முறை வீட்டிலேயே அளந்து எழுதிவையுங்கள். எண் நன்றாக இறங்கினாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ டாக்டர் மாத்திரை அளவைப் பார்த்துக்கொள்வார். இதயம் பலவீனம், சிறுநீரகப் பாதிப்பு என்று அவர் ஏற்கெனவே ஏதாவது சொல்லியிருந்தால், நான் சொன்ன வாராவாரம் குறைக்கும் நிதானம் உங்களுக்கு இல்லை. அவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

கடைசியாக உருளைக்கிழங்கு. அது உப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சாது; உப்புத் தண்ணீரைக் குடிக்கும், அவ்வளவுதான். மிச்சமிருக்கும் சாறு அதே கரிப்போடுதான் இருக்கும். கிழங்கையும் சேர்த்துச் சாப்பிட்டால் உப்பு எங்கேயும் போகவில்லை. கூடிப்போன அன்று, கரிக்கும் பருப்பில் பாதியை எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மீதிப் பாதியில் உப்பே போடாமல் வேகவைத்த பருப்பைக் கலந்து கொதிக்கவிடுங்கள். எடுத்துவைத்ததை மறுநாள் இதே மாதிரி கலந்துகொள்ளலாம், அன்றைய டப்பாவிலிருந்து அதற்கு உப்பு எடுக்காமல்.